வேண்டாத எண்ணங்கள் விடாமல் துரத்தினால்: தெரபியில் உதவி பெற ஒரு முழு வழிகாட்டி

கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும்போது ‘கீழே போட்டுவிட்டால்?’ என்று ஓர் எண்ணம். ரயில் நெருங்கும்போது பக்கத்தில் நிற்பவரைத் தள்ளிவிடுவோமோ என்று ஓர் எண்ணம். சாமி கும்பிடும் நேரத்தில் கடவுளைப் பற்றி அசிங்கமான ஒரு வார்த்தை. நெருங்கிய சொந்தத்தைப் பார்த்ததும் நினைக்கவே கூசுகிற ஒரு காட்சி. வண்டியை நிறுத்திவிட்டு வந்த பிறகு ‘வழியில் யாரையாவது இடித்துவிட்டேனோ?’ என்ற சந்தேகம். இவையெல்லாம் கூப்பிடாமலே வருகின்றன. விரட்டினால் இன்னும் வேகமாக வருகின்றன. அப்புறம் ‘இப்படியெல்லாம் நினைக்கிற நான் எப்படிப்பட்ட ஆள்?’ என்ற கேள்வி நாள் முழுக்க மனசைக் குடைகிறது.

அந்தக் கேள்வியோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவருக்காக இதை எழுதுகிறேன். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பல பத்தாண்டுகளாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட சிகிச்சை. ஆனால், எண்ணத்தை மனசிலிருந்து பிடுங்கி எறிந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். எண்ணம் வந்த அடுத்த நொடியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் தெரபி மாற்றுகிறது. இதைத் தெரிந்துகொண்டு போனால் சரியான ஆளைத் தேர்ந்தெடுக்கவும் முடியும், நடுவில் பயந்து நிறுத்திவிடாமல் இருக்கவும் முடியும்.

முதல் படி: எண்ணம் வேறு, அதற்குப் பின்னால் நீங்கள் செய்வது வேறு

1978-இல் ஸ்டான்லி ராக்மன், பத்மால் டி சில்வா என்ற உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மனநலப் பிரச்சினை எதுவும் இல்லாதவர்களைக் கேட்டபோது, அவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கும் இப்படிப்பட்ட எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். நோயாளிகளின் எண்ணங்களையும் மற்றவர்களின் எண்ணங்களையும் கலந்து வைத்தபோது, எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல நிபுணர்களே திணறினார்கள். 2014-இல் 13 நாடுகளைச் சேர்ந்த 777 கல்லூரி மாணவர்களை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில், முந்தைய 3 மாதங்களில் இப்படி ஓர் எண்ணமாவது வந்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 94 சதவீதம்.

அப்படியென்றால் எல்லோருக்கும் வருகிற எண்ணம் சிலரை மட்டும் ஏன் இப்படி வதைக்கிறது? 1985-இல் பால் சால்கோவ்ஸ்கிஸ் என்ற உளவியலாளர் முன்வைத்த விளக்கம் இன்றும் சிகிச்சைக்கு அடித்தளமாக இருக்கிறது. ஒருவருக்கு எண்ணம் வருகிறது, ‘என்னடா இது’ என்று தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார். இன்னொருவர் அதே எண்ணத்துக்கு ஓர் அர்த்தம் கொடுக்கிறார்: ‘இது வந்ததென்றால் எனக்குள் இப்படி ஒரு ஆசை இருக்கிறது, இதைத் தடுக்காவிட்டால் பழி என்மேல்தான்.’ அந்த நொடியில் பயம் பற்றிக்கொள்கிறது. பயத்தைத் தணிக்க ஏதாவது செய்கிறார். கொஞ்சம் நிம்மதி கிடைக்கிறது. நிம்மதி கிடைத்ததாலேயே, அந்த எண்ணம் உண்மையிலேயே ஆபத்தானது என்று மூளை பதிந்துகொள்கிறது. மறுபடி எண்ணம் வருகிறது, முன்னைவிட உரத்து.

நடுவில் செய்கிற அந்த ‘ஏதாவது’ தான் நாம் கண்டுபிடிக்க வேண்டியது. அதைப் பரிகாரம் என்று வைத்துக்கொள்வோம். சில பரிகாரங்கள் வெளியே தெரியும்: கத்தியை ஒளித்துவைப்பது, போன வழியே திரும்பிப் போய்ப் பார்ப்பது, குழந்தையோடு தனியாக இருக்காமல் தவிர்ப்பது, ‘நான் அப்படிச் செய்யமாட்டேன்தானே?’ என்று வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்பது. பல பரிகாரங்கள் யாருக்கும் தெரியாது: கெட்ட எண்ணம் வந்ததும் ஒரு நல்ல வார்த்தையைச் சொல்லி அதை ‘அழிப்பது’, நடந்ததை மனசுக்குள் பலமுறை ஓட்டிப் பார்ப்பது, தகாத ஆசை ஏதும் எழுகிறதா என்று உடம்பைச் சோதிப்பது, நான் நல்லவன்தான் என்று உள்ளுக்குள்ளேயே வாதாடி நிரூபிப்பது. ‘எனக்கு எண்ணம் மட்டும்தான் வருகிறது, வேறு எதுவும் செய்வதில்லை’ என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைக் கணக்கில் எடுப்பதில்லை.

எண்ணத்தை அடக்குவதும் பரிகாரம்தான். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரின் குழுவினர் சிலரிடம், 5 நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது, நினைத்தால் மணியடிக்க வேண்டும் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடக்கியவர்களை அப்புறம் தாராளமாக நினைக்கச் சொன்னபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாக அவர்களுக்குக் கரடி வந்தது.

இரண்டாம் படி: இது வேறு ஏதாவதா என்று பாருங்கள்

இந்த எண்ணங்களின் அடையாளம், அவை உங்கள் மனசாட்சிக்கு நேர் எதிராக இருப்பது. குழந்தையை உயிராக நேசிப்பவருக்குக் குழந்தையைக் காயப்படுத்தும் எண்ணம், பக்தி மிகுந்தவருக்குக் கடவுள் நிந்தனை. அது எங்கே வலிக்குமோ அங்கேதான் குத்தும். எண்ணமும் பரிகாரமும் சேர்ந்து ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாலோ, வேலை, படிப்பு, உறவு இவற்றைக் கெடுத்தாலோ ஓசிடி, அதாவது எண்ணச் சுழற்சி நோயா என்று பரிசோதிக்க வேண்டும். அவ்வளவு தீவிரம் இல்லாவிட்டாலும் உதவி கேட்கலாம். முற்றும்வரை காத்திருப்பதில் எந்த லாபமும் இல்லை.

சில நிலைமைகளில் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு உடனே அவசர உதவிக்குப் போக வேண்டும். உயரத்தில் நிற்கும்போது ‘குதித்துவிடுவேனோ’ என்று நடுங்கிப் பின்வாங்குவது ஒன்று. செத்துவிட்டால் நிம்மதி என்று தோன்றுவது, அதற்கு வழி யோசிப்பது முற்றிலும் வேறு. இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். எது என்று உங்களுக்கே தெளிவில்லை என்றால், அதைத் தனியாக உட்கார்ந்து தீர்மானிக்காதீர்கள். இன்றைக்கே ஒரு மருத்துவமனைக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள். யாரோ கட்டளையிடும் குரல் கேட்பது, எண்ணம் பயத்தைத் தராமல் ‘செய்வதுதான் சரி’ என்று தோன்றுவது, நாள்கணக்கில் தூக்கமே இல்லாமல் குழப்பம் கூடுவது இவையும் அவசர நிலைதான். பிரசவத்துக்குப் பின் வரும் நாட்களில் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

அதே மூச்சில் இதையும் சொல்லியாக வேண்டும். குழந்தை பெற்ற புதிதில், தானே குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவதுபோல் எண்ணம் வருவது தாய்மார்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நடக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எண்ணம் வந்து அதைக் கண்டு பயப்படுகிற தாயின் நிலை, மேலே சொன்ன அவசர நிலையிலிருந்து வேறானது. இந்த வேறுபாடு தெரியாமல் எத்தனையோ பெண்கள் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

பழைய கொடுமை ஒன்றின் நினைவு திடீரென்று கண்முன் வருவதும், மனச்சோர்வில் பழசையே நினைத்துப் புழுங்குவதும் வேறு பிரச்சினைகள். அவற்றுக்கும் சிகிச்சை உண்டு, ஆனால் முறை வேறு. பிரித்துச் சொல்வது நிபுணரின் வேலை.

மூன்றாம் படி: ஒரு வாரம் குறிப்பெடுங்கள்

தெரபிஸ்ட் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகும், அல்லது வெட்கத்தில் பாதியை விழுங்கிவிடுவீர்கள். அதனால் ஒரு வாரம், நாளுக்கு இரண்டு மூன்று குறிப்பு எழுதுங்கள். எங்கே இருந்தீர்கள், என்ன எண்ணம், பயம் 10-க்கு எவ்வளவு, என்ன செய்தீர்கள், பிறகு என்ன ஆனது. இப்படி இருந்தால் போதும்:

‘இரவு 9 மணி. குழந்தையைத் தூங்கவைத்தேன். தலையணையால் அழுத்திவிடுவேனோ என்று வந்தது. பயம் 8. தலையணையை அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்தேன். அம்மாவைக் கூப்பிட்டு எங்களோடு படுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் நிம்மதி. அப்புறம், அம்மா தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று வந்தது.’

இந்த ஐந்தாறு வரியில் ஒரு நல்ல தெரபிஸ்டுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. பரிகாரம் தெரிகிறது, நிம்மதி நிலைக்காதது தெரிகிறது, சந்தேகம் அடுத்த இடத்துக்குத் தாவியதும் தெரிகிறது. எண்ணத்தை எழுதக் கை வராவிட்டால் ‘அந்த எண்ணம்’ என்று எழுதிவிட்டு மற்றதை எழுதுங்கள். ஒரு வாரத்தோடு நிறுத்திக்கொள்வது முக்கியம். விட்டுப்போகாமல் எழுத வேண்டும் என்ற பதற்றமே சிலருக்குப் புதிய பரிகாரமாகிவிடும்.

நான்காம் படி: சரியான ஆளைத் தேடுங்கள்

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் வழி தவறிப்போகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மனநல மருத்துவர் நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். சிலர் தெரபியும் தருவார்கள். மருத்துவ உளவியலாளர் மருந்து தருவதற்குப் பதில் பேச்சு வழிச் சிகிச்சை தருகிறவர். கவுன்சிலர் என்ற பெயரில் இருப்பவர்களின் பயிற்சி ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். பட்டம் முக்கியம்தான், ஆனால் ஓசிடிக்கான குறிப்பிட்ட பயிற்சி அதைவிட முக்கியம். பொதுவான மன அழுத்தத்துக்கு மிக நன்றாக உதவுகிற ஒருவர் இந்தப் பிரச்சினையில் நல்லெண்ணத்தோடே தவறான வழி காட்டிவிட முடியும்.

முன்பதிவு செய்யும்போதே இதைக் கேளுங்கள்: ‘வேண்டாத எண்ணங்கள், ஓசிடி இவற்றுக்கு நீங்கள் எந்த முறையில் சிகிச்சை தருகிறீர்கள்?’ பதிலில் சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையோ, அதன் ஒரு வகையான ஈஆர்பியோ வர வேண்டும். ஈஆர்பி என்பது பயத்தை நேரில் சந்தித்துக்கொண்டே பரிகாரத்தைச் செய்யாமல் இருக்கப் பழகுவது. அடுத்து, ‘வெளியே தெரியாமல் மனசுக்குள்ளேயே நடக்கிற சடங்குகள் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? தீங்கு, பாலியல், மதம் சம்பந்தப்பட்ட எண்ணங்களை?’ என்று கேளுங்கள். தயங்காமல், சாதாரணமாகப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். கை கழுவுவதை மட்டுமே ஓசிடி என்று நினைக்கிறவர் உங்களுக்குப் பொருந்தமாட்டார். செஷனுக்கு வெளியே வீட்டில் செய்யப் பயிற்சி தருவீர்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

சில பதில்களைக் கேட்டால் வேறு ஆளைத் தேடுவது நல்லது. ‘நல்லதையே நினையுங்கள்’ என்பது ஒன்று. எண்ணம் வந்ததும் ‘நிறுத்து’ என்று மனசுக்குள் கத்துங்கள், கையில் ரப்பர் பேண்டு போட்டுச் சுண்டிக்கொள்ளுங்கள் என்பது இன்னொன்று. எண்ணத்தை அடக்குகிற அந்தப் பழைய முறைகளை இப்போது இந்த நோய்க்குப் பரிந்துரைப்பதில்லை. ‘இந்த எண்ணத்துக்குப் பின்னால் உங்கள் ஆழ்மனசில் என்ன ஆசை ஒளிந்திருக்கிறது என்று தோண்டுவோம்’ என்பது இவற்றில் மோசமானது. ஏற்கெனவே அதே கேள்வியால் நொந்துபோனவரை அது மேலும் நோகடிக்கும். மூச்சுப் பயிற்சியும் தளர்வுப் பயிற்சியும் மட்டும்தான் என்றால் அதுவும் போதாது.

பக்கத்தில் அப்படிப்பட்டவர் கிடைக்காவிட்டால் வீடியோ வழியாகப் பார்க்கலாம். ஈஆர்பி அந்த வழியிலும் பலன் தருகிறது, சொல்லப்போனால் பயம் வருகிற இடமான உங்கள் வீட்டிலேயே பயிற்சி நடப்பது ஒரு வசதி. காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தால், பெயரைப் பதிந்துவிட்டு, உங்களை வழக்கமாகப் பார்க்கிற மருத்துவரிடம் பேசி மருந்து தொடங்கலாமா என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: முதல் சந்திப்பில் சொல்லுங்கள்

சிகிச்சையிலேயே கடினமான பகுதி எது என்று கேட்டால், முதல்முறை அதை வாய்விட்டுச் சொல்வதுதான் என்பேன். பயந்து ஒதுக்கிய கத்தியைப் பிடிப்பதைவிட, குழந்தையோடு தனிமையில் இருப்பதைவிட அது கடினம். ஆண்டுக்கணக்கில் தெரபிக்குப் போய், பதற்றம், தூக்கமின்மை என்று சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, உண்மையான எண்ணத்தைச் சொல்லாமலே திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லாத எண்ணத்துக்கு யாரும் சிகிச்சை தர முடியாது.

ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்றில்லை. இப்படித் தொடங்கலாம்: ‘எனக்கு வேண்டாத எண்ணங்கள் வருகின்றன. சொல்லவே பயமாகவும் அசிங்கமாகவும் இருக்கிறது. நீங்கள் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்களோ என்று கவலைப்படுகிறேன்.’ அனுபவமுள்ளவர் இதற்கு மேல் தானே வழி அமைத்துக் கொடுப்பார். ‘யாருக்காவது தீங்கு செய்துவிடுவோமோ என்ற வகையா, பாலியல் வகையா, கடவுள் சம்பந்தப்பட்டதா?’ என்று கேட்பார். தலையசைத்தால்கூடப் போதும். அதுவும் முடியாதென்றால் குறிப்பெழுதிய தாளை நீட்டிவிடுங்கள்.

சொன்னால் போலீஸைக் கூப்பிட்டுவிடுவார்களோ, குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் மிகப் பலருக்கு உண்டு. தெரபிஸ்டுகள் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். உயிருக்கு உண்மையான, உடனடி ஆபத்து, குழந்தைக்கு நடக்கும் கொடுமை போன்றவை விதிவிலக்கு, அதன் விவரம் நாட்டுக்கு நாடு மாறும். வேண்டாத எண்ணம் வந்து அதைக் கண்டு நடுங்குவது அந்த விதிவிலக்கில் வருவதில்லை, இதில் பயிற்சி பெற்றவருக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். முதலில் பொதுவாகக் கேட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை: ‘நான் சொல்வதில் எதை நீங்கள் வெளியே சொல்ல வேண்டியிருக்கும்?’

சரி, சொன்ன பிறகு எதிரில் இருப்பவர் முகம் சுளித்தால்? அல்லது பதறிப்போய் ஆபத்துக் கேள்விகளாக அடுக்கினால்? ஓரளவு ஆபத்துக் கேள்விகள் எல்லோரும் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அதைத் தாண்டி உங்களைக் குற்றவாளிபோல் நடத்தினால், அது அவருக்கு இந்தத் துறையில் பயிற்சி போதவில்லை என்பதன் அடையாளம். உங்களைப் பற்றிய தீர்ப்பாக அதை எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளாதீர்கள். அடுத்தவரிடம் போங்கள்.

ஆறாம் படி: சிகிச்சை உள்ளே எப்படி நடக்கும்

1966-இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், நோயாளிகள் இருவரைப் பயத்தை எதிர்கொள்ள வைத்து, சடங்குகளை, அதாவது பரிகாரங்களை, செய்யவிடாமல் தடுத்து, அவர்கள் நன்றாகத் தேறியதைப் பதிவு செய்தார். இன்றைய ஈஆர்பியின் தொடக்கம் அது. இப்போது யாரும் வலுக்கட்டாயமாகத் தடுப்பதில்லை. எதை, எப்போது, எந்த வரிசையில் செய்வது என்பதை நீங்களும் தெரபிஸ்டும் சேர்ந்தே முடிவு செய்வீர்கள். பெரும்பாலும் வாரம் ஒருமுறை, ஏறக்குறைய 12 முதல் 20 செஷன் வரை போகும்.

முதல் ஓரிரு செஷனில் மதிப்பீடு நடக்கும். யேல்-பிரௌன் அளவுகோல் என்ற 10 கேள்விகள் கொண்ட படிவத்தைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதில் 0 முதல் 40 வரை மதிப்பெண். சில வாரங்களுக்கு ஒருமுறை அதையே திரும்ப நிரப்பினால் முன்னேற்றம் தெரியும். அப்புறம் பயப் பட்டியல் போடுவீர்கள்.

கத்தியைக் கண்டாலே கணவரைக் குத்திவிடுவேனோ என்று பயப்படும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருடைய பட்டியல் இப்படி இருக்கலாம். கீழே, கத்தியின் படத்தைப் பார்ப்பது. அதற்கு மேல், கத்தி மேசைமேல் இருக்கும்போது அதே அறையில் உட்கார்ந்திருப்பது. பிறகு தனியாக இருக்கும்போது காய் நறுக்குவது. பிறகு கணவர் பக்கத்தில் நிற்கும்போது நறுக்குவது. உச்சியில், இரவு கத்தியை ஒளித்துவைக்காமல் அது வழக்கமாக இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போவது.

நறுக்குகிற செஷனைக் கிட்டே போய்ப் பார்ப்போம். பயம் 10-க்கு எவ்வளவு என்று தெரபிஸ்ட் கேட்கிறார், 7 என்கிறார் அந்தப் பெண். என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று தெரபிஸ்ட் கேட்கிறார். ‘இந்தப் பயம் ஏறிக்கொண்டே போகும், தாங்க முடியாமல் ஏதாவது செய்துவிடுவேன்.’ அதைத் தாளில் எழுதிவைக்கிறார்கள். நறுக்கத் தொடங்குகிறார். கத்தியை விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் பிடித்திருப்பதைத் தெரபிஸ்ட் கவனித்து, எல்லோரும் பிடிக்கிற மாதிரி முழுக் கையால் பிடிக்கச் சொல்கிறார். ‘இப்போது மனசுக்குள் ஏதாவது சொல்லிக்கொள்கிறீர்களா?’ ஆமாம், ‘நான் நல்லவள், நான் நல்லவள்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அதையும் விட்டுவிட்டு, ‘குத்திவிடுவேன் என்று ஓர் எண்ணம் இருக்கிறது, இருக்கட்டும்’ என்றபடி நறுக்குகிறார். பயம் 8-க்கு ஏறுகிறது. அங்கேயே நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் 5. சில நாள் இறங்காமலே செஷன் முடியும், அதிலும் தவறில்லை. முடிவில் எழுதிய தாளை எடுத்துப் பார்க்கிறார்கள்: பயம் இருந்தது, தாங்க முடிந்தது, கட்டுப்பாடு போகவில்லை. இந்தப் பாடம்தான் சிகிச்சையின் கரு. வீட்டில் தினமும் அதையே செய்து வரச் சொல்லி அனுப்புவார்.

இந்தச் செஷனில் தெரபிஸ்ட் ‘நீங்கள் நிச்சயமாகக் குத்தமாட்டீர்கள், நான் உத்தரவாதம்’ என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஓசிடி கேட்பது நூறு சதவீத நிச்சயம். அதை யாராலும், எந்த விஷயத்திலும் தர முடியாது. ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இப்போது இதைத் தீர்க்கப்போவதில்லை’ என்று விட்டுவிட்டு வேலையைப் பார்ப்பதைத்தான் அவர் கற்றுத்தருகிறார்.

நேரில் செய்து பார்க்க முடியாத பயங்களுக்குக் கதை எழுதச் சொல்வார்கள். ‘நான் ஒரு கெட்டவன் என்பது கடைசியில் உண்மையாகிவிட்டது’ என்ற மாதிரி உங்கள் பயம் நடந்தேறுவதை ஒரு பக்கம் எழுதி, உங்கள் குரலிலேயே பதிவு செய்து, தினமும் கேட்பது. முதல் சில நாள் அழுகை வரும். கேட்கக் கேட்க அலுப்புத் தட்டும். அலுப்புதான் வேண்டும். மனசுக்குள் நடக்கிற பரிகாரங்கள் அதிகம் உள்ளவர்களுக்கு இது நன்றாகவே உதவுகிறது.

உங்கள் நெறிக்கோ நம்பிக்கைக்கோ விரோதமாக எதையும் செய்யச் சொல்லக் கூடாது. மதம் சம்பந்தப்பட்ட எண்ணங்கள் இருந்தால், அதே மதத்தை நிம்மதியாகப் பின்பற்றுகிறவர்கள் செய்வதையே எல்லையாக வைப்பார்கள். பிரார்த்தனையை ஒருமுறை சொல்லிவிட்டு, ‘சரியாகச் சொன்னேனா’ என்று திரும்பச் சொல்லாமல் எழுந்து போவது ஓர் உதாரணம். தேவைப்பட்டால் நீங்கள் மதிக்கிற மதப் பெரியவரிடமும் தெரபிஸ்ட் பேசலாம்.

ஈஆர்பி ஒத்துவராதவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. ஏற்பும் உறுதியும் சார்ந்த சிகிச்சை, எண்ணத்தோடு சண்டையிடாமல் அதை உடன் வைத்துக்கொண்டே வாழ்க்கையில் முக்கியமானதைச் செய்யப் பழக்கும். அனுமானம் சார்ந்த சிபிடி, அந்தச் சந்தேகம் கண்ணால் கண்டதிலிருந்து பிறந்ததா, கற்பனையிலிருந்து பிறந்ததா என்று படிப்படியாகக் காட்டும்.

ஏழாம் படி: மருந்து வேண்டுமா?

தீவிரம் அதிகம் என்றாலோ, மனச்சோர்வும் சேர்ந்து தெரபியில் ஈடுபடவே தெம்பில்லை என்றாலோ, மருந்தும் சேர்த்து எடுப்பது நல்ல முடிவு. செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸெடின், ஃப்ளூவாக்ஸமைன் போன்ற, மனச்சோர்வுக்கும் தரப்படுகிற எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள்தான் முதல் தேர்வு. அவை போதாதபோது க்ளோமிப்ரமைன். மனச்சோர்வுக்குத் தருவதைவிட ஓசிடிக்குப் பெரும்பாலும் அதிக அளவு தேவைப்படும், முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று நிறுத்திவிடுவது பெரிய இழப்பு. தானாகத் திடீரென்று நிறுத்துவதும் கூடாது. கர்ப்பம், தாய்ப்பால், மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இளவயதினர் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் ஏதும் தலைதூக்குகிறதா என்று கவனித்து, இருந்தால் உடனே சொல்ல வேண்டும்.

எட்டாம் படி: வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

‘நான் அப்படிச் செய்வேனா?’ என்று கேட்டால், அன்புள்ள யாரும் ‘சேச்சே, நீ போய் அப்படிச் செய்வியா’ என்றுதான் சொல்வார்கள். அந்த ஆறுதல் பத்து நிமிடம் தாங்கும். அப்புறம் அதே கேள்வி. பாவம், வீட்டாருக்குத் தாங்களும் பரிகாரத்தின் பகுதியாகிவிட்டது தெரியாது. ஒரு செஷனுக்கு அவர்களையும் அழைத்துப் போங்கள். அவர்கள் சொல்ல வேண்டிய பதிலைச் சேர்ந்து முடிவு செய்யுங்கள். உதாரணமாக: ‘இது உன் ஓசிடி கேக்குற கேள்வி. இதுக்குப் பதில் சொல்றதில்லைன்னு நாம பேசி வச்சிருக்கோம். கஷ்டமா இருக்குன்னு தெரியுது, நான் கூடவே இருக்கேன்.’ ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் அது தண்டனைபோல் ஆகிவிடும். படிப்படியாகக் குறைப்பதுதான் நல்லது.

வீட்டார் பதில் சொல்வதை நிறுத்தியதும் பலர் கைபேசியிடம் போவார்கள். ‘இந்த எண்ணம் வந்தால் நான் ஆபத்தானவனா’ என்று நள்ளிரவில் தேடுவதும், செயற்கை நுண்ணறிவிடம் அதையே வார்த்தை மாற்றி மாற்றிக் கேட்பதும், அனுபவக் கதைகளைப் படித்துத் தன்னோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதே பரிகாரம்தான். இந்த வழிகாட்டியையும் நிம்மதிக்காகத் திரும்பத் திரும்பப் படிக்காதீர்கள். ஒருமுறை படித்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

ஒன்பதாம் படி: நடுவில் வரும் தடுமாற்றம்

தொடங்கிய சில வாரங்களில் பயம் முன்பைவிட அதிகமாகலாம். பரிகாரத்தை நிறுத்தினால் அப்படித்தான் இருக்கும். பலர் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். விடுவதற்கு முன் தெரபிஸ்டிடம் ‘இது எனக்கு ரொம்ப வேகமாகப் போகிறது’ என்று சொல்லுங்கள். ஒரு படி கீழே இறங்கிப் பயிற்சி செய்யலாம்.

இன்னொரு தொல்லை, எண்ணம் வேஷம் மாறி வருவது. தீங்கு பற்றிய எண்ணம் அடங்கியதும் ‘எனக்கு ஓசிடியே இல்லையோ, தெரபிஸ்டை ஏமாற்றுகிறேனோ’ என்று வரும். புதுசாக இருப்பதால் இதுமட்டும் உண்மை என்று தோன்றும். செஷனில் இதையும் அப்படியே சொல்லுங்கள். முறை அதேதான்.

எண்ணம் எத்தனை தடவை வந்தது என்று எண்ணி முன்னேற்றத்தை அளக்காதீர்கள். பரிகாரத்தில் எவ்வளவு நேரம் போகிறது, தவிர்த்துவந்த எதையெல்லாம் மறுபடி செய்கிறீர்கள் என்று பாருங்கள். பயிற்சியெல்லாம் ஒழுங்காகச் செய்தும் 8 முதல் 10 செஷனில் எந்த அசைவும் இல்லை என்றால் வெளிப்படையாகப் பேசுங்கள். மருந்து சேர்ப்பதா, முறையை மாற்றுவதா, இன்னும் அனுபவமுள்ள ஒருவரிடம் அனுப்புவதா என்று அவர் யோசிக்க வேண்டும். இதுவரை பேச்சு மட்டுமே நடந்து, பயிற்சி ஒன்றுகூடத் தொடங்கவில்லை என்றால் ஆளை மாற்றுவதே மேல்.

பத்தாம் படி: முடிக்கும்போது

செஷன்களைத் திடீரென்று நிறுத்தாமல், வாரம் ஒன்று என்பதை இரு வாரத்துக்கு ஒன்று, மாதம் ஒன்று என்று இடைவெளி விட்டு முடியுங்கள். தூக்கம் கெடும்போது, வேலை மாறும்போது, குழந்தை பிறக்கும்போது, யாராவது இறக்கும்போது எண்ணங்கள் மறுபடி உரத்துப் பேசக்கூடும். அதற்காகக் கடைசிச் செஷனில் தெரபிஸ்டோடு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்: என் முதல் எச்சரிக்கை அறிகுறி என்ன (உதாரணமாக, கத்தியை மறுபடி உள்ளே தள்ளி வைக்கத் தொடங்குவது), அப்போது எந்தப் பயிற்சியை அன்றே தொடங்க வேண்டும், வீட்டில் யாரிடம் சொல்ல வேண்டும், எத்தனை நாளில் சரியாகாவிட்டால் யாரை அழைக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் ஒரு நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு சந்திப்புக்கு அன்றைக்கே தேதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.